பதில் இல்லையேல் சம்மதம்

கோவில்பட்டியில் இப்போதெல்லாம் காப்பி போடுவதற்கு முன்னால் ஒலி பார்க்கிறார்கள். வீட்டில் ஒருவர் இன்னொருவரின் கைபேசிக்குத் 'தூது' செயலியில் 'இருக்கேன்' என்று ஒரு சேதி அனுப்புவார். அந்தப் பக்கம் 'டிங்' என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் அடுப்பு பற்றும். கேட்காவிட்டால் பல்கூட விளக்காமல் சரிபார்ப்பு நிலையத்துக்கு ஓடுவார்கள். முன்பு கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாளைத் தொடங்கினார்களே, அந்த இடத்துக்கு இது வந்திருக்கிறது. கும்பிடாவிட்டால் சூரியன் கோபித்துக்கொண்டதில்லை. தூது அப்படியில்லை.

செண்பகவல்லி வீட்டில் இந்த வேலை மகள் ஆவுடையுடையது. ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் கொடுத்த பலகைக்கணினியில் 'இருக்கேன்' என்று அடிப்பாள். அம்மாவின் கழுத்தில் தொங்கும் கைபேசி டிங் என்றதும் "பாஸ்" என்று கத்துவாள். அன்றைக்கும் கத்தினாள். செண்பகவல்லி நிம்மதியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் வண்டிக்குப் போனாள். தெருவுக்கு மேலே நீளமாக இழுத்துக் கட்டிய நிழல்வலையில் இன்னும் சூடு ஏறவில்லை. ஏறிவிட்டால் ஊரே கதவை அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும்.

வரிசையில் நின்ற பெண்கள் எல்லார் கழுத்திலும் தாலியோடு கூட ஒரு நெகிழி உறையும் தொங்கியது. உறைக்குள் கைபேசி. குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை.

"மலைச்சேதிக்குப் பதில் போட்டாச்சாட்டி?" என்று கேட்டாள் எதிர்வீட்டு உச்சிமாகாளி. "நான் வந்த அன்னைக்கே வேண்டாம்னு அடிச்சு விட்டுட்டேன். எம்பிள்ளையக் கேக்க இவனுக யாரு?"

"எனக்கு இன்னும் வரலக்கா. இந்த வருசம் பிந்துது போல."

உச்சிமாகாளி தூக்கிய குடத்தைக் கீழே வைத்தாள். "வரலையா? தெருவுக்கே வந்து எத்தன நாளாச்சு! நேத்துப் பொழுதடைய கெடு முடிஞ்சிட்டுல்லாட்டி!"

செண்பகவல்லி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாள்.

எத்தனையோ சட்டங்கள் வந்தன, போயின. பதிலின்மை ஏற்புச் சட்டம் மட்டும் நின்று நிலைத்துவிட்டது. கல்யாணப் பெண் தலையைக் குனிந்துகொண்டிருந்தால் 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்பார்களே, அந்தப் பழமொழியை எடுத்து யாரோ ஒரு கெட்டிக்கார அதிகாரி சட்டமாக்கிவிட்டார். அரசு தூது வழியாகக் கேட்கும். கெடுவுக்குள் 'வேண்டாம்' என்று வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் ஒரு வாய்க்கால் வெட்டக் கையெழுத்து வாங்குவதற்குள் அந்தத் தலைமுறையே போய்ச் சேர்ந்துவிடும். இப்போது காரியம் மடமடவென்று நடந்தது. சாலை வந்தது, நிழல்வலை வந்தது. ஊர் கைதட்டியது. தன் வீட்டுக் கேள்வி வரும்வரை யாருக்குமே அது நல்ல சட்டம்தான்.

செண்பகவல்லி வீட்டுக் கேள்வி பங்குனிக்குப் பங்குனி வரும். மலைக்குடி வாரியம் கேட்கும்: 'உங்கள் குழந்தையை மேல்மலைக்கு அனுப்பச் சம்மதமா?' வாரியத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. கத்தரி வெயிலில் வருசா வருசம் கீழ்நாட்டுப் பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள், சிலர் எழுந்திருக்கவே இல்லை. மேலே குளிர்ச்சி உண்டு, பால் உண்டு, நல்ல படிப்பு உண்டு. ஆனால் அந்தக் குளிரில் வளர்ந்த உடம்பு அப்புறம் கரிசல் வெயிலைத் தாங்காது. மார்கழியில் நாலு நாள் வந்து, பாயில் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். மேலே போன பிள்ளை பெற்றவளுக்கு விருந்தாளிதான். செண்பகவல்லி ஒவ்வொரு பங்குனியும் 'வேண்டாம்' என்றே பதில் போட்டு வந்தாள். கணவன் சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். பிள்ளையோடு குடியிருப்பவர் பதில்தான் செல்லும் என்பதால் அந்த ஒரு சொல்லின் பாரம் முழுவதும் இவள் தலையில்.

வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கைபேசியைத் தோண்டினாள். ஒலி முழுதாக இருந்தது. அதிர்வும் இருந்தது. தொந்தரவு வேண்டாம் என்ற பொத்தான் அணைந்திருந்தது. மின்சேமிப்பு அணைந்திருந்தது. தூதுக்கு அறிவிப்பு அனுமதி இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடியது. ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டாள். கைபேசி கெட்டுப்போயிருந்தால் வாரியத்தின் காலில் விழவாவது ஒரு காரணம் கிடைக்கும்.

"என்னம்மா தேடுத?" என்று ஆவுடை கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கதவச் சாத்திக்கோ. யார் கூப்பிட்டாலும் தெறக்காத."

சரிபார்ப்பு நிலையத்தில் ஜெபக்கனி என்ற பெண் இருந்தாள். முப்பது வயசு இருக்கும், சாந்தமான முகம். கைபேசியைத் தன் சோதனைப் பெட்டியில் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"சேதி வந்திருக்குக்கா" என்றாள். "உங்க போனுக்குள்ளதான் கெடக்கு."

"டிங்குன்னு கேக்கலையே! காலையில கூட ஒலி பாத்தோமே!"

"அது உங்க மக போட்ட சேதி, அது கேக்கும். இது உங்க சான்றுறவு வழியா வாரது. உங்க சான்றுறவு யாரு?"

சான்றுறவு என்பது தூதின் இன்னொரு ஏற்பாடு. வாரியத்தின் பெயரிலேயே போலிச் சேதிகள் பெருகிப்போய், எது அசல் எது திருட்டு என்று தெரியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். அதனால் அரசுக் கேள்வி எதுவும் நேராக வராது. நெருங்கிய உறவினர் ஒருவருக்கு வரும், அவர் பார்த்து, அசல்தான் என்று அனுப்பி வைப்பார். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் அழைத்துப் பேசக்கூடாது, நேரில் வந்தும் நிற்கக்கூடாது. வற்புறுத்தல் ஆகிவிடுமாம். எழுத மட்டும் செய்யலாம்.

"எங்கம்மா" என்றாள் செண்பகவல்லி. "ஆடியில தவறிட்டாங்க."

"அதுக்கப்புறம் சங்கரபாண்டியன்னு ஒருத்தருக்கு மாறியிருக்கு. அந்த ஒண்ண மட்டும் உங்ககிட்ட நேராவே கேட்டிருக்காங்க, சம்மதமான்னு. நீங்க பதிலே போடல."

"அப்ப வீட்டுல பொணம் கெடந்துச்சும்மா."

ஜெபக்கனி தலையாட்டினாள். "சங்கரபாண்டியன் யாருக்கா?"

"சித்தப்பா. சங்கரன்கோவில்ல இருக்காங்க."

"அவங்கள ஊமையாக்கி வச்சிருக்கீங்க."

செண்பகவல்லிக்கு ஒரு நிமிசம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஆமாம், அவர் சேதி வந்தால் ஒலிக்காதபடி ஊமைப் பொத்தானை அழுத்தியது அவளேதான். சித்தப்பா தங்கமான மனுசர். ஆனால் விடியும் முன்னே ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். பிறகு வேலெடுத்த முருகன். அப்புறம் வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் வராத நோய்கள். மத்தியானம் ஒரு பொன்மொழி, ராத்திரி நிலாவோடு இனிய இரவு. ஒவ்வொரு டிங்குக்கும் வாரியமோ என்று கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எடுத்துப் பார்த்தால் ரோஜாப்பூ. எத்தனை நாளைக்குத் தாங்குவாள்? எந்தக் குடும்பத்தில்தான் அப்படி ஒரு சித்தப்பா இல்லை, எந்த வீட்டில்தான் அவரை ஊமையாக்கி வைக்கவில்லை?

"தெறக்கட்டுமாக்கா?"

திறந்தாள். ரோஜாக்கள் கொட்டின. ஜெபக்கனி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். பூக்களுக்கு நடுவே சித்தப்பாவின் எழுத்து.

'தாயி, மலை வாரியம் ஆவுடையக் கேட்டிருக்கு. அசல்தான், பார்த்துட்டேன். பதில் போட்டுரு.'

ஒரு முருகன். ஒரு காலை வணக்கம்.

'தாயி, பார்த்தியா?'

'எம்மேல எதுவும் வருத்தமா தாயி? என்கிட்ட பேசாட்டாலும் சரி, அவனுக்குப் பதிலப் போட்டுரு.'

வெந்தயம். ரோஜா. நிலா.

நேற்றுப் பொழுதடையும் நேரத்தில் வந்தது கொஞ்சம் நீளமாக இருந்தது. 'நெறைய யோசிச்சேன் தாயி. போன வருசம் என் பேரனக் கேட்டப்ப என் மருமகளும் இப்படித்தான் பதில் போடாம இருந்துட்டா. கொண்டு போன்னு எந்தத் தாய் வாயால சொல்லுவா? போறதுதான் பிள்ளைக்கு நல்லதுன்னு தெரியும், சொல்ல மனசு வராது. உன் மனசு எனக்குப் புரியுது. இனி நான் தொந்தரவு பண்ணல.'

அதற்குக் கீழே இன்று காலை வந்த ரோஜாப்பூ.

"நான் அப்படி நெனைக்கவே இல்ல" என்று செண்பகவல்லி சொன்னாள். ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியமா நெனைக்கல தாயி. நான் பாக்கவே இல்ல."

"தெரியுதுக்கா. திரும்பப் பெறும் மனுன்னு ஒண்ணு இருக்கு, போட்டுப் பாப்போம். சட்டம் அவங்களுக்கும் ஒண்ணுதான். அவங்க கெடுவுக்குள்ள பதில் சொல்லலேன்னா நாம கேட்டதுக்குச் சம்மதம்னு ஆயிரும்."

செண்பகவல்லிக்கு உயிர் வந்தது. அரசாங்க அலுவலகம் எந்தக் காலத்தில் நேரத்துக்குப் பதில் சொல்லியிருக்கிறது? எத்தனை மனு மேசையில் கிடந்து மட்கியிருக்கிறது? அந்தப் பழைய சோம்பலை நம்பி எழுதினாள். என் மகளை அனுப்ப எனக்குச் சம்மதம் இல்லை. அனுப்புப் பொத்தானை அழுத்தினாள். விரலை எடுப்பதற்குள் டிங் என்றது.

'பரிசீலிக்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டது. நன்றி.'

"ஒரு ஆள் படிக்கக்கூட இந்த நேரம் பத்தாதே" என்றாள் செண்பகவல்லி.

"ஆள் எங்கக்கா இருக்கு? அந்தப் பக்கம் இருக்கது தூங்காது, குளிக்கப் போகாது. யார் மேலயும் எரிச்சல்பட்டு ஊமையாக்கவும் செய்யாது." ஜெபக்கனி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நம்ம பக்கம்தான் மனுசங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, இன்னொரு டிங். சித்தப்பா வழியாக வந்தது. இப்போது நன்றாகவே கேட்டது. 'மலைக்குடி வாரிய வண்டி உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.'

செண்பகவல்லி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். நிழல்வலை கிழிந்த இடங்களில் தார் சுட்டது. அது அவளுக்கு உறைக்கவில்லை. எத்தனையோ பயங்களைப் பார்த்தவள்தான். கணவனின் கப்பல் புயலில் சிக்கிய வாரத்தையும் தாண்டி வந்தவள். இப்படி ஒரு பயத்தை அவள் அறிந்ததில்லை. மகள் கதவைத் திறந்திருக்கக் கூடாது, திறந்திருக்கக் கூடாது என்று முனகிக்கொண்டே ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. வாரிய வண்டிக்குக் கதவு திறக்கப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, அதன் வயிற்றிலிருந்து குளிர்காற்று தெருவுக்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் ஆவுடையின் பையைக் கையில் வைத்திருந்தாள். பின்னால் இரண்டு ஆட்கள் நின்றார்கள்.

"வணக்கம்மா" என்றாள் பச்சைச் சேலைக்காரி. "நீங்க சம்மதிச்சதுக்கு வாரியம் நன்றி சொல்லுது."

"நான் சம்மதிக்கல. சேதி எனக்குக் கேக்கல."

"பதிவுல சம்மதம்னு இருக்கேம்மா." அவள் குரலில் கெடுதல் இல்லை, அவசரமும் இல்லை. "பிள்ளை முன்னால வேண்டாம்மா. நீங்க அழுதா அதுவும் அழும்."

செண்பகவல்லி அந்த இரண்டு ஆட்களைப் பார்த்தாள். போன வருசம் தெற்குத் தெருவில் ஒரு தாய் வாசலில் நின்று 'விட மாட்டேன்' என்று கத்தியதை அவள் கண்ணால் கண்டிருந்தாள். அதைக் கேட்ட பையன் நிலைக்கதவைக் கட்டிக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்தார்கள். நெடுஞ்சாலை வரைக்கும் அவன் அலறல் கேட்டது. வண்டி நிற்கவில்லை, எந்த வண்டியும் நின்றதில்லை.

ஆவுடை அம்மாவிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது, ஆனால் அழவில்லை.

"நீ சரின்னு சொன்னதா இவங்க சொல்லுதாங்க. நெசமாம்மா? நான் போகணும்னா நீ நெனைக்க?"

வேண்டாம் என்று சொன்னால் இவளும் கதவைக் கட்டிக்கொள்வாள், இவள் விரல்களையும் பிரிப்பார்கள். போ என்று சொன்னால், அம்மாவே போகச் சொன்னாள் என்று காலமெல்லாம் அந்தக் குளிரில் உட்கார்ந்து நினைப்பாள். இரண்டில் எதைச் சொல்லவும் செண்பகவல்லிக்குத் துணிச்சல் வரவில்லை. மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். உதடு அசைந்தது, தொண்டைக்குள் காற்று மட்டும் போய் வந்தது.

ஆவுடை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் விடலாமோ அவ்வளவும் விட்டாள். பச்சைச் சேலைக்காரிகூட அவசரப்படுத்தவில்லை. இந்தச் சட்டம் வந்த பிறகு பிறந்த பிள்ளை அவள், பதில் வராத கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான் அவளுக்குத் தெரியும்.

"சரிம்மா" என்றாள். அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு, தன் பையைத் தானே வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.