பாயா ரூசா பங்களாத் துப்பாக்கி

அந்தப் புதன்கிழமை காலை ராக்கம்மா ஆயுதக் கிடங்கின் வாசலில் வந்து நின்றபோது, அவள் புருஷனைத் தூக்குமேடைக்கு அனுப்பப்போகிற துப்பாக்கி உள்ளே மேசைமேல் கிடந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவன் கான்ஸ்டபிள் அர்ச்சுனன்.

வெள்ளைக்கார அரசு அவசரகாலம் அறிவித்து நான்காவது வருஷம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்பது ஊரறிந்த சட்டம். பாயா ரூசா ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் காணாமல்போன துரையின் வேட்டைத் துப்பாக்கியை, ராக்கம்மாவின் புருஷன், காவல்காரன் சன்னாசியின் லயத்துக் கூரையிலிருந்து இழுத்தெடுத்தவன் அர்ச்சுனன்தான். "நான் தொடலைப்பா" என்று சன்னாசி சொன்னபோது, லயத்துச் சனம் அத்தனையும் பார்க்க அவர் கன்னத்தில் அறைந்தவனும் அவன்தான்.

சிரம்பான் வட்டாரத்தில் எந்தத் துப்பாக்கி பிடிபட்டாலும் அது சார்ஜண்ட் அமிர்தலிங்கத்தின் மேசைக்கு வரும். 'சுடக்கூடிய நிலையில் உள்ளது' என்று அவர் எழுதித் தந்தால்தான் வழக்கு நிற்கும். முப்பது வருஷமாகத் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தவர். அவசரப்பட்டு அவர் ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"உள்ள வாம்மா. என்ன விஷயம்?"

ராக்கம்மா அர்ச்சுனன் பக்கம் திரும்பவேயில்லை. "ஐயா, பன்னெண்டு வருசமா அந்தத் துப்பாக்கிய அவருதான் தொடைக்கிறாரு. வாரா வாரம் குழாய்க்குள்ள துணி விட்டு, எண்ணெ போட்டு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் கஞ்சியே குடிப்பாரு. அத அழுக்குக் கோணியில சுத்திக் கூரையில செருகுவாரா? நாங்க ஞாயித்துக்கெழம பூரா ராசா ஊருக் கோயில்ல இருந்தோம்."

"திருடுறதுக்கு முந்தி எல்லாரும் கோயிலுக்குத்தான் போவாங்க லா" என்றான் அர்ச்சுனன். சொல்லிவிட்டுச் சார்ஜண்ட் சிரிப்பார் என்று பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

அமிர்தலிங்கம் துப்பாக்கியை இரண்டு கையாலும் எடுத்தார். ஆஸ்திரியாக் கைவேலை. அறுபது வருஷமாவது ஆகியிருக்கும். வால்நட் மரத்துப் பின்கட்டையில் தேன் வழிந்ததுபோல ரேகைகள். இரும்புப் பகுதியில், பாறைமேல் நிற்கும் ஒரு மலையாடு, அதன் தாடி மயிர்கூடத் தெரியும்படி செதுக்கப்பட்டிருந்தது. விசைக்குக் கீழே வளைந்திருந்த பிடியை அவர் இறக்கினார். குழலை அடைத்திருந்த இரும்புக் கட்டி சத்தமே இல்லாமல் கீழே வழுக்கி இறங்கியது. குழலை ஜன்னல் பக்கம் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி வச்சிருக்கான்யா மனுஷன்" என்றார் மெதுவாக. "இந்த மாதிரித் துப்பாக்கி செய்றவன் வேட்டைக்காரன்கிட்ட ஒரு கேள்வி கேக்கிறான், அர்ச்சுனா. 'உனக்கு ஒரே சந்தர்ப்பம்தான். அது போதுமா?'னு."

பிறகு பின்கட்டையின் கழுத்தில் அவர் கட்டைவிரல் நின்றது. அங்கே மயிரிழைபோல ஒரு விரிசல். உட்புறம் வெளிர் நிறம், புதிது. இன்னும் கீழே, பின்கட்டையின் வலப்பக்கத்தில், மாவு பூசினதுபோல ஒரு வெள்ளைத் தடம். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு அர்ச்சுனனிடம் நீட்டினார். மல்லிகை வாசனை.

"முகப்பவுடர் சார்."

"சன்னாசி பவுடர் போடுவாரா?"

அர்ச்சுனன் மறுபடியும் முகர்ந்து பார்த்தான்.

அடுத்து அவர் சாட்சி வாக்குமூலத்தைக் கேட்டு வாங்கினார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி திருநாவுக்கரசு தன் கையாலேயே எழுதித் தந்தது. 'ஞாயிறு காலை, சன்னாசி பங்களாப் பின்வாசலில் உட்கார்ந்து இந்தத் துப்பாக்கியில் ஐந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் திணித்ததை என் கண்ணால் பார்த்தேன்.'

"எழுத்தெல்லாம் ஏன் இப்படித் தேய்ஞ்சிருக்கு?"

"மை காயறதுக்குள்ள கை பட்டிருக்கு சார்."

"ஆமா. எழுதின கையே பட்டிருக்கு" என்று அமிர்தலிங்கம் தாளை மடித்தார். "ஜீப்பை எடு. நீயும் வாம்மா."

பங்களாக் கூடத்தில் துரை நாற்காலியில் இருந்தார். கிராணி திருநாவுக்கரசு, முப்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சீவிப் படியவைத்த தலை, கழுத்தோரம் மெல்லிய பவுடர் கோடு, சுவரோரம் நின்றார். கூடத்தின் மூலையில் ஓர் ஆள் உயரக் கண்ணாடி.

"கிராணி சார், நீங்கதான் கண்ணால பார்த்தவரு" என்று அமிர்தலிங்கம் துப்பாக்கியை அவரிடம் கொடுத்து, வெடிமருந்து இல்லாத ஐந்து வெற்றுத் தோட்டாக்களை மேசையில் வைத்தார். "சன்னாசி எப்படிப் போட்டாருன்னு காட்டுங்க."

திருநாவுக்கரசு வாங்கினார். இடது கையால் ஒரு தோட்டாவை எடுத்தார். துப்பாக்கியைத் திருப்பினார், கவிழ்த்தார், அடியில் தடவினார். தோட்டா நுழைய எங்கும் ஒரு வாசல் இல்லை.

"தூரத்திலேருந்து பார்த்தேன் சார். சரியா..."

"பரவால்ல. குறி பார்த்தாரா? அதையாவது காட்டுங்க."

தப்பிக்க ஒரு வழி கிடைத்ததுபோல அவர் சட்டென்று துப்பாக்கியைத் தூக்கினார். அது இடது தோளில் போய் உட்கார்ந்தது. கன்னம், பின்கட்டையின் வலப்பக்கத்தில் அந்த வெள்ளைத் தடத்தின்மேல் அப்படியே பொருந்தியது.

துரை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"போதும்" என்று அமிர்தலிங்கம் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, பிடியை இறக்கித் துரைக்கும் கிராணிக்கும் பொதுவாகக் காட்டினார். "இதுல ஒரு தோட்டாதான் போகும். சுட்டபிறகு திறந்து, எடுத்து, அடுத்ததை வைக்கணும். பன்னெண்டு வருஷம் இதைத் துடைச்சவருக்கு அது தெரியும். அஞ்சு தோட்டா போட்டார்னு சொன்னவரு இதைத் திறந்தே பார்க்காதவரு. ஆனா கையில எடுத்திருக்காரு. வலதுகைக்காரன் கன்னத்தை இடப்பக்கம் வைப்பான். அதுக்குத்தான் செஞ்சவன் அந்தப் பக்கம் மரத்தை மேடாக்கி வச்சிருக்கான். வலப்பக்கம் பவுடர் ஒட்டியிருக்குன்னா, தூக்கினவரு இடதுகைக்காரர். இடதுகையால எழுதினா, நகர்ற கை ஈர மையைத் தேய்ச்சுக்கிட்டே போகும். துரை போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போன ஞாயித்துக்கிழமை, பங்களாச் சாவி யாருகிட்ட இருந்தது?"

துரை கிராணியைப் பார்த்தார். அது போதுமாயிருந்தது.

திருநாவுக்கரசு கண்ணாடியைப் பார்த்தார். அதில் தன்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தபாலை வைக்க வந்தேன். சும்மா எடுத்துப் பார்த்தேன் சார். அவ்வளவு அழகு அது. கண்ணாடி முன்னாடி நின்னு... துரை மாதிரி..." தலைமயிரைப் படியத் தடவிக்கொண்டார். "தரை மெழுகு வழுக்கிடுச்சு. கீழ விழுந்து கட்டை விரிஞ்சுபோச்சு. தெமியாங்ல ஒரு தச்சன் இருக்கான், ஒட்டிக்கலாம்னு கோணியில சுத்திக் கொண்டுபோனேன். கேட்டுல எல்லாரையும் சோதனை போட்டுக்கிட்டிருந்தாங்க. திரும்புறதுக்குள்ள துரை காரு வந்துருச்சு. பக்கத்துல சன்னாசி லயம்தான் ஆளில்லாம கிடந்தது. ராத்திரி எடுத்துடலாம்னு பார்த்தேன், முடியல. அப்புறம் போலீஸ் மாத்தா வந்து கேட்டாங்க. கண்ணாடி முன்னால நின்னதை எப்படிச் சார் வாயால சொல்றது? வெட்கமா இருந்திச்சு. துரை துப்பாக்கிதானே, சட்டம் பாயாது, அவருக்கு வேலைதான் போகும்னு நெனச்சு அவரு பேரைச் சொல்லிட்டேன். தூக்குன்னு ஆனப்புறம் மாத்திச் சொல்லத் தைரியம் வரல."

"உன் வெக்கத்துக்கு எம் புருசன் உசுரா?" என்றாள் ராக்கம்மா. சத்தம் போடவில்லை. அது கூடத்தின் எல்லா மூலைக்கும் போயிற்று.

கிராணியை ஜீப்பில் ஏற்றும்போது அர்ச்சுனன் சார்ஜண்டிடம், "பிரமாதம் சார்" என்றான். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பிரமாதம் ஒண்ணும் இல்ல. அந்தம்மா வந்திருக்கலைன்னா, நான் வேலை செய்யுதான்னு பார்த்துக் கையெழுத்துப் போட்டிருப்பேன். நீ கூரையைப் பார்த்தே. நான் துப்பாக்கியைப் பார்த்தேன். ஆளைப் பார்த்தது அந்தம்மா ஒருத்திதான்."

மறுநாள் பகல் சன்னாசியை விடுவித்தார்கள். தோட்டம்வரை கொண்டுபோய் விடும் வேலையை அர்ச்சுனனே கேட்டு வாங்கினான். வழியெல்லாம் அவன் வாயில் ஒரு வாக்கியம் உருண்டது, வெளியே வரவில்லை. லயத்தில் ரப்பர் பால் நிறுத்துவிட்டு வந்த சனம் கூடி நின்றது. அங்கேதான் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். கேக்காம கை நீட்டிட்டேன். மன்னிச்சிடுங்க."

அர்ச்சுனன் பிறந்ததே அதே தோட்டத்தில், நாலு கதவு தள்ளி. அவன் அப்பனும் சன்னாசியும் ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள். அப்பன் செத்த வருஷம் அவனைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தது சன்னாசிதான். போலீஸ் உடுப்புப் போட்ட பிறகும் 'டேய் அர்ச்சுனா' என்றுதான் கூப்பிடுவார்.

சன்னாசி கன்னத்தைத் தடவவில்லை; கோபிக்கவுமில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் கும்பிட்டார்.

"சரிங்கய்யா" என்றார். "ஐயா போய்ட்டு வாங்க."

அர்ச்சுனன் தொப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, முள்வேலிக் கதவுவரை நடந்து போனான்.