பழைய பிரேக் ஒயில்

சுதாகரன் நோர்வூட் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பகலிலேயே மூடுபனி கூரைவரை இறங்கியிருந்தது. அவனுடைய வாடகை வேன் புதுப் பெயின்ட் வாசத்தோடு நின்றது. ஆடி மழையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இதே வேனை ஓட்டிப்போன டிரைவர் வீரய்யா, இறக்கத்தில் பாறையில் மோதி, ஸ்டியரிங்கில் நசுங்கிச் செத்திருந்தார்.

மெக்கானிக் நடராசா ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறுப்பாகக் கலங்கிக் கிடந்தது.

"இதுதாங்க பழைய பிரேக் ஒயில். ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் மாத்தணும். நம்ம பக்கத்து ஈரத்துக்கு அதுக்கும் முந்தியே மாத்தணும். ஒயிலு தண்ணிய இழுத்துக்கும். எறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்தா சூட்டுல கொதிச்சுரும். அப்புறம் பெடல் சும்மா தரையில போயி ஒக்காரும்." குரலைத் தாழ்த்தினார். "வீரய்யா ஒங்ககிட்ட சொல்லலியா?"

"குடிச்சிட்டு ஓட்டுனவன் என்னத்த சொல்லுவான்?"

வீரய்யா சொல்லியிருந்தார். பெடல் பஞ்சு மாதிரி போகுது என்று வந்து நின்றவரை, "கால்ல பலமில்லாட்டி வேற வேல பாரு" என்று விரட்டியவன் சுதாகரன்தான். சாராயத்தைத் தொட்டறியாத மனிதரை, செத்த பிறகு குடிகாரன் என்று தோட்டக் குடியிருப்பில் லயம் லயமாகச் சொல்லியும் வைத்தான். அவர் மனைவி அழகம்மா காரியம் முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள்.

வேன் கிளம்பியது. முதல் வளைவு தாண்டியதும் உள்ளே நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டான். வாடை போகவில்லை.

இறக்கம் தொடங்கியது.

பெடல் தானாக உள்ளே போனது. அவன் கால் அதை இன்னும் தொட்டிருக்கவில்லை.

மிதித்தான். தரை.

மறுபடி மிதித்தான். தரை.

"பதறாதீங்க மொதலாளி." காதோரம் ஒரு குரல். "எனக்கும் இப்படித்தான் போச்சு."

கியர் விழவில்லை. கை பிரேக் எதையும் பிடிக்காமல் மேலே வந்தது. பனி விலகிய இடத்தில், இடப்பக்கம் பள்ளம். வலப்பக்கம் மண்மேடு. மேட்டை ஒட்டி, கூடையோடு அழகம்மா நடந்து வந்துகொண்டிருந்தாள்.

மேட்டில் மோதினால் வேன் நின்றுவிடும். நடுவில் அவள் மட்டும்தான்.

சுதாகரன் யோசிக்கவே இல்லை. அவள் பக்கம் ஒடித்தான்.

டயர்கள் அலறின. அவள் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால் வேன் நின்றது.

பெடலிலிருந்து காலை அவன் எடுத்தான். பெடல் மேலே வரவில்லை. வேறு யாரோ அதை மிதித்துப் பிடித்திருந்தார்கள்.

அழகம்மா ஜன்னலருகே வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, அவன் கால்மாட்டு இருட்டைப் பார்த்தாள். முகம் இளகியது.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க," என்றாள் மெல்ல.

கதவு திறக்கவில்லை. "அழகம்மா, கதவத் தெற. ஒன் காலப் புடிக்கிறேன்," என்றான் சுதாகரன்.

தலையில் மாட்டிய கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு அவள் மேட்டில் ஏறி நின்றாள்.

"நான் ஒதுங்கிட்டேங்க. நீங்க கால எடுத்துக்குங்க."

பெடல் மேலே வந்தது.

ஸ்டியரிங் அவன் கைகளை உதறிவிட்டுப் பள்ளத்தின் பக்கம் திரும்பியது. வேன் உருண்டது. ஓரக்கல் உடைந்து விழும் சத்தம் கேட்டது.

"இப்ப மிதிங்க மொதலாளி."

மிதித்தான். பிரேக் சுத்தமாகப் பிடித்தது.

சக்கரங்களுக்குக் கீழே ரோடு இல்லை.