நாறாத நத்தை

"செத்தவர் கையில இருந்த நத்தையை நான் கூடையில கலக்கலைன்னு எப்படிங்க நிரூபிக்கிறது?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பிரேம் ஏன் காதை அறுக்கிறது, ஒரு கண் மட்டும் ஏன் மங்குகிறது என்றெல்லாம். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டது அந்தப் பெண் ஒருத்திதான். கேட்டுவிட்டு, கடை நாற்காலியில் உட்காராமல், உப்பில் வெடித்த விரல்களைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

கடலுக்குள் மூழ்கிச் சிப்பியும் நத்தையும் எடுத்து வருவது அவள் வேலை. எல்லோரும் அவளைச் சிப்பிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருடமாக அவள் கொண்டுவந்து கொடுப்பதைச் சுத்தம் செய்து விற்கும் பட்டறையின் முதலாளி மூன்று நாட்களுக்கு முன் இறந்துபோயிருந்தார்.

கடைக்காரி கையிலிருந்த கண்ணாடி வில்லையைத் துணியில் வைத்தாள். "முதல்லேர்ந்து சொல்லும்மா."

பில் எழுதிக்கொண்டிருந்த அவள் தம்பி மனைவி, பேனாவை மூடாமலேயே எழுந்து வந்தாள். கடையில் கணக்கு எழுதுவது சம்பளத்துக்கு, துப்புத் துலக்குவதுதான் தன் உண்மையான உத்தியோகம் என்பது அவள் எண்ணம்.

"கூம்பு நத்தைன்னு ஒண்ணு இருக்குங்க," என்றாள் சிப்பிக்காரி. "வாயில ஊசி மாதிரி ஒரு பல். அதால மீனைக் குத்தி, மரத்துப்போக வச்சு முழுங்கும். பெருசு குத்தினா மனுஷனும் காலி. அதனால பட்டறையில ஒரு கண்டிப்பு. கூம்பை மட்டும் கூடையில போடக் கூடாது. கடல் தண்ணி ஊத்தின பாட்டில்ல போட்டு, மூடியைத் திருகி, முதலாளி கையில கொடுக்கணும். அன்னைக்கும் அப்படித்தான் கொடுத்தேன். நீளமா, பழுப்புத் தோல் போர்த்தின மாதிரி, நான் பார்த்தே இராத ஜாதி. பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு முதலாளி சிரிச்சார். அவர் சிரிச்சு நான் பார்த்ததே இல்லைங்க."

"அப்புறம்?"

"நான் மத்த நத்தைகளைப் பின்கட்டு மணல்ல புதைச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சதை அழுகி விழ அஞ்சு நாள் ஆகும். அந்த அஞ்சு நாளும் தெருவே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எங்களைத் திட்டும். மதியம் ஆள் வந்து சொல்றாங்க, முதலாளி போயிட்டார், கையில கூம்பு நத்தைன்னு." அவள் குரல் இறங்கியது. "பாட்டில்னு ஒண்ணு அங்க இல்லவே இல்லையாம். கூடையோட கலந்து கொட்டிட்டேன்னு சொல்றாங்க. நாளைக்குக் காலையில கேஸ் எழுதறாங்களாம். எழுதிட்டா என் உரிமம் போயிடும். கடலைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"முகத்துக்கு நேரா யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"முதலாளி பொண்ணு சொல்லுச்சு. எங்கப்பாவைக் கொன்னுட்டியேன்னு."

கடைக்காரி எழுந்து கண்ணில் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்கியைப் பையில் போட்டுக்கொண்டாள். தம்பி மனைவி அதற்குள் கடைக்கதவைப் பாதி சாத்தியிருந்தாள்.

காவல் நிலையத்து இன்ஸ்பெக்டர் கடைக்காரியின் பழைய வாடிக்கைக்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக் காட்டினார். டீ டம்ளருக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு, பளபளவென்று வரியோடிய ஓடு கிடந்தது. அதன் வாயில் நகத்துண்டு போல ஒரு மூடி.

"தொட்டுடாதீங்கம்மா. உள்ளே சுருங்கிக் கிடக்கு. செத்திருக்கும், ஆனா நான் நம்பத் தயாரா இல்லை."

"மூணு நாளா இங்கேயேவா இருக்கு?"

"என் கண் முன்னாடியே. சோறு இறங்கலை எனக்கு."

"பயத்திலயா, நாத்தத்திலயா?"

"நாத்தமெல்லாம் இல்லைங்க. பயம்தான்."

கடைக்காரி மருத்துவர் எழுதியதைப் படிக்கச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் படித்தார். வலது உள்ளங்கையில் குத்திய தடம். வலது முழங்கைக்கு மேலே இறுகக் கட்டிய துணி, முடிச்சு கைக்குப் பின்பக்கம். நர்ஸ் முடிச்சைத் தொடாமல் துணியைக் கத்தரித்து எடுத்திருக்கிறாள். அதுவும் ஓர் உறையில் இருந்தது.

"தானே கட்டிக்கிட்டிருக்கார் பாவம்," என்றார் இன்ஸ்பெக்டர். "இந்த விஷம் உடம்பை அப்படியே மரக்கட்டை ஆக்கிடுமாம். இமை அசையாது. ஆனா காது கேட்குமாம், புத்தி தெளிவா இருக்குமாம். ஆஸ்பத்திரியில மெஷின் வச்சு மூச்சுக் கொடுத்திருந்தா ஒருவேளை பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொல்றார். யாரும் பக்கத்துல இல்லையே. மாப்பிள்ளைதான் முதல்ல பார்த்தவர். காலையிலேர்ந்து துறைமுகத்துல பார்சல் ஏத்திக்கிட்டு இருந்திருக்கார். மதியம் வந்தப்போ ஆள் போயாச்சு."

பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் தம்பி மனைவி கைக்குட்டையைத் தன் வலக்கைக்குப் பின்னால் கட்டப் பார்த்துக்கொண்டே வந்தாள். இடது கையால் ஒரு நுனியைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. பல்லால் கவ்வப் போய்க் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டாள். எதிரே வந்த ஒருவர் பரிதாபப்பட்டு, கட்டிவிடட்டுமா என்று கேட்டார்.

"பாருங்க அண்ணி, இன்னொருத்தர் கை வேணும்," என்றாள் மூச்சு வாங்க.

"உன் கழுத்து வீண் போகலை," என்றாள் கடைக்காரி.

பட்டறையில் முன்னறை முழுதும் அலமாரிகள். சோழிகள், முள் நத்தைகள், விசிறிச் சிப்பிகள். இறந்தவரின் மகள் அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் நூல்கண்டும் அட்டைப் பெட்டியுமாகப் பார்சல் மேஜைக்குப் பின்னால் நின்றான். பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் இரண்டு உறைகளையும் மேஜையில் வைத்தார். கூடவே வந்த சிப்பிக்காரியைப் பார்த்ததும் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிப்பிக்காரி வாசலைத் தாண்டவில்லை.

கடைக்காரி அலமாரியிலிருந்து வட்டமான நத்தை ஒன்றை எடுத்தாள். அதன் வாயிலும் ஒரு மூடி இருந்தது.

"இது உயிரோட இருக்கா?"

"இல்லைம்மா," என்றாள் மகள். "சேகரிக்கிறவங்க மூடியோடதான் கேட்பாங்க. சதையை எடுத்துட்டு, வாயில பஞ்சை அடைச்சு, அது மேல அந்த நத்தையோட மூடியையே ஒட்டிடுவோம். பஞ்சை டீத்தண்ணியில நனைச்சா சதை நிறம் வந்துடும். பார்த்தா உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கும்."

"யார் ஒட்டுவாங்க?"

"இவர்தான். அப்பாவுக்குக் கை நடுங்கும். இந்த வேலையில இவரை மிஞ்ச ஆளில்லை." இத்தனை துக்கத்திலும் அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

கடைக்காரி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். "உறையைத் திறங்க."

"அம்மா, வேண்டாம்."

"மாமிசம் உள்ள நத்தைன்னா ஒரே நாள்ல உங்களை ஸ்டேஷனை விட்டே துரத்தியிருக்கும். மூணு நாளா உங்க டீக்குப் பக்கத்துல இருந்து நாறலை."

அவள் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்து, ஓட்டைத் திருப்பி, ஸ்க்ரூ மாற்றும் சின்ன இடுக்கியால் மூடியை மெல்ல நெம்பினாள். மூடி உலர்ந்த சத்தத்தோடு கழன்றது. பின்னாலேயே பழுப்புப் பஞ்சு நீளமாக வந்தது. அவள் அதை மேஜையில் வைத்தாள்.

மகள் பஞ்சைப் பார்த்தாள், பிறகு அலமாரியைப் பார்த்தாள். அவள் பார்வை கணவன் பக்கம் போக மறுத்தது.

"இது யாரையும் குத்தலை. இதுக்குள்ள எதுவும் இல்லை," என்றாள் கடைக்காரி. "குத்தினது வேற ஒண்ணு. பழுப்புத் தோலோட பாட்டில்ல வந்தது. தோல் மூடின கூம்பு, சுத்தம் பண்ற வரைக்கும் இப்படிப் பளபளக்காது. ஓட்டை அளந்து பார்க்கிற ஆசையில உங்கப்பா அதை வெளியே எடுத்துட்டார். குத்தினது தெரிஞ்சதும் துணி கட்டணும்னு அவருக்குத் தெரியும். ஆனா கைக்குப் பின்பக்கம் அவரால கட்டிக்க முடியாது."

"நான் கட்டிப் பார்த்துட்டேன்," என்றாள் தம்பி மனைவி கழுத்தைத் தேய்த்துக்கொண்டு. பிறகு பார்சல் மேஜையில் இருந்த பெட்டிகளைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் இரண்டாவது உறையைப் பார்த்தாள். "அண்ணி. ரெண்டு சுத்து, ஒரு வளையம், நுனியை உள்ளே சொருகினது. எல்லாப் பெட்டியிலயும் அதே முடிச்சு."

நூல்கண்டு மாப்பிள்ளையின் கையிலிருந்து உருண்டு மேஜைக்கடியில் போயிற்று. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"நான்தான் கட்டினேன்," என்றான். "காலையில ஒரு பெட்டியை மறந்துட்டு எடுக்க வந்தேன். மாமா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். நாக்கு குழறிச்சு. கட்டிவிட்டேன். நத்தை மேஜையில ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. இடுக்கியால பிடிச்சுப் பாட்டில்ல போட்டேன். அப்போதான் அது என்ன ஜாதின்னு பார்த்தேன்."

"என்ன ஜாதி?"

"அதைக் கேட்டு, சேகரிக்கிறவர் ஒருத்தர் பதினோரு வருஷமா எங்களுக்கு எழுதிக்கிட்டே இருக்கார். அன்னைக்கு அவர் கப்பல்ல கிளம்பறார். கொண்டுபோய்க் கொடுத்துட்டு, திரும்பும்போது டாக்டரைக் கூட்டிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். அரை மணி நேரம்தான். கப்பல்கிட்ட கூட்டம். நேரமாயிடுச்சு. வந்து பார்த்தா அசைவில்லை. குத்தின நத்தை எங்கேன்னு கேட்பாங்களே. அலமாரியிலேர்ந்து ஒண்ணை எடுத்துக் கையில வச்சேன்."

பத்து வருட உத்தியோகத்தில் இன்ஸ்பெக்டர் திருட்டைப் பார்த்திருக்கிறார், அடிதடியைப் பார்த்திருக்கிறார். நடுவில் ஒரு வேலையை முடித்துவிட்டு வரலாம் என்று உயிரைக் காத்திருக்க வைத்தவனை இப்போதுதான் பார்க்கிறார். வாசலில் சிப்பிக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்டபோது அவள் குரல் யாரோ பேசுவதைப் போல இருந்தது.

"கிளம்பும்போது அப்பாகிட்ட என்ன சொன்னீங்க?"

"டாக்டரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"அப்போ அவரால பேச முடியலை. கட்டையாயிட்டார்." அவன் கொஞ்சம் தயங்கினான். "பயப்படாதீங்க மாமா, இதோ வந்துடறேன்னு காதுகிட்ட சொன்னேன்."

அந்தக் காது கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தது என்பதை இன்ஸ்பெக்டர் சொல்லத் தொடங்கினார். கடைக்காரி அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். சொல்லத் தேவை இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மருத்துவர் பேசும்போது மகள் எதிரிலேயே நின்றிருந்தாள்.

அவள் எழுந்தாள். மேஜைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த குறுகலான வழியில் போக வேண்டியிருந்தது. அவன் அவள் பக்கம் கையை நீட்டி, பிறகு தானே இழுத்துக்கொண்டான். வாசலில் சிப்பிக்காரி ஒதுங்கி வழிவிட்டாள். மகள் அவளுக்கு எதிரே நின்று, உப்பில் வெடித்த அந்தக் கைகளில் ஒன்றை எடுத்துத் தன் நெற்றியில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிறகு அதை விட்டுவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.