மறுபக்கம் பிடித்தவள்

ஜெஸிந்தா விரிப்பை இழுத்தது தன் பக்கத்து முனையை மட்டும்தான். ஆனால் எதிர்ப்பக்கத்து முனையும் கூடவே எழும்பியது. பக்கவாதத்தில் வருஷக்கணக்காக விழுந்து கிடக்கும் அழகர்சாமியின் கனத்த உடம்பு, இரண்டு பேர் தூக்கினால் எப்படி நகருமோ அப்படி, நோகாமல் தலையணைப் பக்கம் நகர்ந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

மதிய நேரம்தான். ஆனாலும் குன்னூர்ச் சரிவிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கொண்டிருந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஒரே வார்டில் டெட்டால் நெடியும், காயாத கம்பளி வாடையும், தைலத்தின் காரமும் ஒன்றாகக் கலந்து நின்றன. கீழே ஃபேக்டரி ஓடாததால் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. தேயிலை விலை படுத்ததும், நோயாளிகளைத் தூக்கிப் புரட்டும் ஆயாக்களை நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியது நர்ஸ் ஜெஸிந்தா ஒருத்திதான். இடுப்பு வலி என்று வாய் திறந்தால் அவளுக்கும் கதவைக் காட்டிவிடுவார்கள். புருஷனுக்கு ஏற்கெனவே வேலை போய்விட்டது. அதனால் சேலைக்குள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு எல்லோரையும் தனியாகவே தூக்கிவந்தாள்.

இன்றைக்குத் தப்பு செய்தது அவளுடைய கைதான். தூக்குமுன் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவது காளியம்மாள் ஆயாவின் வழக்கம். ஒருத்தி தட்டினால் எதிரில் நிற்பவள் விரிப்பைப் பிடிக்க வேண்டும். பேச்சே கிடையாது. அவளோடு பல வருஷம் தூக்கிய கை, ஆளில்லை என்பதை மறந்து தட்டிவிட்டது. காளியம்மாளுக்கு இந்த வார்டில்தான் இடுப்பு போனது. வேலையும் போய், தொழிலாளர் லைன் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். புரட்டிப்போட ஆளில்லாமல் முதுகெல்லாம் புண்ணாகிச் செத்துப்போனாள்.

ஜெஸிந்தா கட்டிலைவிட்டு விலகி நின்றாள். ஆனால் பயத்தைவிட வலி பெரிது. அடுத்த கட்டிலுக்குப் போய், வேண்டுமென்றே தட்டினாள். விரிப்பு எழும்பியது. மாதக்கணக்கில் நிமிராத இடுப்பு நிமிர்ந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழகர்சாமி கோணிய வாயால் அவளைக் கூப்பிட்டார்.

"காளியம்மா கைதானுங்க அது. ஜில்லுன்னு இருக்குது. இனித் தட்டாதீங்க சிஸ்டர்."

அவள் எஞ்சிய கட்டில்களிலும் தட்டினாள்.

வேலை முடிந்து கை கழுவும்போது, சுவரோரம் காலியாகக் கிடந்த கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

டக். டக்.

யாரும் இல்லாத மெத்தை நடுவில் குழிந்திருந்தது. டெட்டாலை மீறிக்கொண்டு புண்ணின் அழுகல் வாடை. காளியம்மாள் தன்னைத் தூக்கக் கூப்பிடுகிறாள். ஜெஸிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவிடலாம். ஓடினால் நாளைக்கு மறுபக்கம் யார் பிடிப்பார்கள்? நாளைக்கு, அதற்கு மறுநாள், அதற்கப்புறம்?

போக வேண்டாம் என்று அழகர்சாமி அழுதார். அவள் போனாள்.

விரிப்பைப் பிடித்தாள். ஈரம். தூக்கினாள். மலைக் கனம். எதிரில் ஆளில்லை. இடுப்பில் ஏதோ அறுந்தது.

அந்தக் கட்டிலிலேயே விழுந்தாள். முகம் சுவரைப் பார்த்தபடி. கால்கள் இருப்பதே தெரியவில்லை. அழகர்சாமி கத்தினார். எழுந்து வர அந்த வார்டில் யாராலும் முடியாது.

முதுகுக்குப் பின்னால் மெத்தை அமுங்கியது.

டக். டக்.

விரிப்பு அவளுக்கு அடியில் இறுகியது. மெதுவாக. நோகாமல். பழகிய கை. அவளைத் திருப்பியது.

அதே தலையணையில் காளியம்மாள் படுத்திருந்தாள். கண்கள் திறந்திருந்தன.

"இப்ப நான் திருப்பினனுங்க சிஸ்டர். இனி நீங்க என்னையத் திருப்போணும்."

ஜெஸிந்தா மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவளுடைய விரல் அதற்குள் கட்டில் கம்பியைத் தேடிப் போய், இரண்டு தட்டுத் தட்டியது.