ஆனந்தமேரி வைத்த புள்ளி

புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட 1930களில் ஒரு கோடை. குருசுக்குப்பத்தில் வாந்திபேதி பரவியது. கப்பலில் வரும் தடுப்பூசி மருந்தோ யானை விலை. அதனால் மருத்துவர் அருளானந்தம் தாமே மலிவாக ஒரு மருந்தைத் தயாரித்தார். ஊரார் அவரை மரியாதையாக முசே என்பார்கள்.

மாதா கோயில் வாசலில் உதவியாளர் ஊசி போட்டு, தோளில் ஊதா மையால் புள்ளி வைப்பார். அடுத்த மேசையில் முசே அந்தப் புள்ளியைப் பார்த்து நோட்டில் பெயர் எழுதுவார்.

பத்து வயது ஆனந்தமேரி பெரிய வீராங்கனைதான். ஊசியைக் கண்டதும் அந்த வீரம் எங்கே போனதோ! பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் எழுதுவதும் ஊதா மையில்தானே? பையிலிருந்த மைக்கூட்டில் விரலை விட்டாள். தோளில் புள்ளி வைத்துக்கொண்டு முசேயின் மேசைக்கே போய்விட்டாள். அவரும் பெயரை எழுதிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அவளுக்கே வாந்திபேதி வந்தது. நரம்பில் உப்புநீர் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்த அன்று முசே வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஊசி போட்ட பொண்ணுக்கே வந்துடுச்சேம்மா!" என்றார் அவள் அம்மா சூசைமேரியிடம். "வம்பாக்கீரப்பாளையத்துலயும் நோய் வந்துட்டுது. நாளைக்கு அங்க போட இருந்தேன். இனிமே மருந்தைக் கொட்டிட்டு முதல்லேருந்து செய்யணும்."

"எத்தினி நாளாகும் முசே?"

"ரெண்டு மாசம்."

ஆனந்தமேரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அதற்குள்ளும் வெட்கம் விடவில்லை. காதெல்லாம் சுட்டது.

"மருந்து மேல தப்பில்ல முசே," என்றாள் உள்ளிருந்தே. "நான் ஊசியே போட்டுக்கல. புள்ளி நானே வெச்சிக்கிட்டது."

அம்மாவுக்குத் தலை குனிந்துவிட்டது. முசே நோட்டில் அவள் பெயரை அடித்தார். திட்டவே இல்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"நெஜமா போட்டுக்கிட்டவங்கள்ல ஒருத்தருக்கும் வரல. அப்ப நாளைக்குப் போடறேன்," என்று எழுந்தார்.

நடக்கத் தெம்பு வந்ததும் ஆனந்தமேரி அம்மாவோடு வம்பாக்கீரப்பாளையம் போனாள். அங்கே ஊசி போடுவது இன்னும் முடியவில்லை. வரிசையிலிருந்து அன்னக்கிளி என்ற குட்டிப்பெண் நழுவிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குமாக்கா?"

"தெரியாது. பயந்துக்கிட்டு போடாமயே போட்டதா பொய் சொன்னவ நான். அதால நோய் வந்து சாகப் பாத்தேன். என்னால உங்களுக்கும் இந்த மருந்து வராம போயிருக்கும்."

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஓடி ஒளியலாம் போலிருந்தது. ஆனாலும் அங்கேயே நின்றாள்.

அன்னக்கிளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள்.