அக்காவுக்குத் தெரிய வேண்டாம்

“டம்ளரை எடுத்துட்டுப் போ! உன் கையால எனக்குப் பச்சைத் தண்ணிகூட வேண்டாம்!”

விடிந்து இன்னும் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பெரியவளின் குரல் கூடத்தைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது. தேநீரை நீட்டிய தம்பி மனைவியின் கை நீட்டியபடியே நின்றது.

“நேத்தும் நீங்க சரியாச் சாப்பிடலை, அக்கா...”

“என் தம்பி நாக்கு வறண்டு கிடந்தானே, அப்ப எங்கே போச்சு இந்தக் கரிசனம்? பத்து நாள் அறைக்குள்ள அடைச்சு வச்சு, வாய்க்குத் தண்ணி கொடுக்காம அவன் கிட்னியைக் காயப் போட்டவதானே நீ!”

வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகன் நிமிராமலே சொன்னான்: “விடுங்க அத்தை. அப்பாவை அம்மா பார்த்துக்குவாங்கன்னு நம்பினது என் தப்பு.”

பெரியவள் பேசியது காதோடு போயிற்று. மகன் பேசியது நெஞ்சில் இறங்கியது. அவள் சமையலறைக்குள் போய், ஆறிப்போன தேநீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அவளுடைய கணவரைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாற்பது வருடமாகக் கண்ணாடி தேய்த்து, சட்டத்தில் பொருத்தித் தருகிறவர். அறுபத்தெட்டு வயதிலும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாய் இறந்துவிட்டாள். அப்போது பதினைந்து வயதுப் பெண்ணாக இருந்த அக்காதான் பொத்தான் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்துத் தம்பியை ஆளாக்கினாள். காலம் கடந்து கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டே வருடத்தில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தாள். ‘மாமியார் இல்லாத வீடு, உனக்கென்ன குறை’ என்று சொல்லித்தான் இவளைக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு மாமியாருக்குச் சமமாக ஒரு நாத்தனார் இருப்பதை யாரும் சொல்லவில்லை!

ஆனாலும் முப்பத்தாறு வருடம் ஓடிவிட்டது. பெரியவளின் நாக்குதான் கரடு, மனசு அப்படியல்ல என்று இவளுக்குத் தெரியும். பிரசவத்தில் இவள் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

போன வருடம் ஒரு நாள், சர்க்கரைக்கான வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில் டாக்டர் கண்ணாடிக்காரரிடம் சொன்னார்: “உங்க சிறுநீரகம் பாதி பலம்தான் இருக்கு. இனிமே வலி மாத்திரையைக் கையாலகூடத் தொடாதீங்க.” திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மனைவியின் பக்கம் சாய்ந்து, “அக்காவுக்குத் தெரிய வேண்டாம்... தெரிஞ்சா அவ உருகியே போயிடுவா” என்றார். இவளும் தலையாட்டினாள்.

அதன் பிறகு கொரோனா வந்தது. கடையில் யாரிடமிருந்தோ தொற்றிக்கொண்டு காய்ச்சலோடு வந்து படுத்தார். எழுபத்தேழு வயதுக்காரி கிட்டவே போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால், முகக்கவசம் கட்டிக்கொண்டு மனைவி ஒருத்திதான் உள்ளே போய்வந்தாள். பெரியவள் பின்பக்கச் சந்தில் ஒரு நாற்காலி போட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி தம்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல் வலி அவருக்கு. கழிப்பறை வீட்டின் கடைசியில் இருந்தது; நடக்க முடியவில்லை. கட்டிலருகே வாளி வைத்தாள். மனைவி அதைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த வெட்கத்திலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்.

“ஒரே ஒரு வாய்... எனக்காகக் குடிங்க!”

“வச்சுட்டுப் போ. அப்புறம் குடிக்கிறேன்.”

கெஞ்சினாள், கோபித்தாள், ஸ்பூனால் புகட்டப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டார். காய்ச்சல் ஏறியபோது மட்டும் “தண்ணி... தண்ணி...” என்று பிதற்றினார். ஜன்னலுக்கு வெளியே இருந்தவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

பத்தாம் நாள் காலையில் கால் இரண்டும் வீங்கி, பேச்சுக் குழறியது. முந்தின நாளிலிருந்தே வாளி காய்ந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரைத் தூக்கியதும், படுக்கையைச் சுருட்டினாள். தலையணை உறைக்குள் இரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. இரண்டும் காலி. பெரியவள் முட்டி வலிக்குப் போடுகிற மாத்திரை!

ஜன்னல் வழியாக வந்திருக்கிறது... அவளுக்கு நொடியில் புரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அவற்றைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். “இந்தத் தொற்றே வயசானவங்க சிறுநீரகத்தைத் தாக்குதும்மா. இவருக்கு ஏற்கனவே பலவீனம், சர்க்கரை வேற. தண்ணியும் உள்ள போகலை, அதோட இந்த மாத்திரை. எது எவ்வளவு கெடுத்துச்சுன்னு யாராலும் பிரிச்சுச் சொல்ல முடியாது. டயாலிசிஸ் ஆரம்பிச்சுப் பார்ப்போம்” என்றார் டாக்டரம்மா.

அட்டைகளை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்தாள். வீட்டு வாசலிலேயே பெரியவள் மடக்கினாள்: “தண்ணி கொடுத்தியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு!”

சொல்லியிருக்கலாம். சொன்னால், தன் கையாலேயே தம்பியைக் கொன்றுவிட்டேன் என்று அந்த உயிர் அன்றைக்கே போய்விடும். அது மட்டுமா... போன வருடமே வாயைத் திறந்து, ‘அவருக்கு வலி மாத்திரை ஆகாது அக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அந்தக் குற்றம் தன்னுடையதுதானே! வாயை மூடிக்கொண்டாள். அன்று மூடிய வாய்தான். இடையில் அவளுக்கும் இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிமூன்று நாள் ஆன அன்று, போன் வந்தது. நாளைக் காலையில் வீட்டிலிருந்து ஒருவர் மட்டும் வந்து பார்க்கலாம்.

“அத்தைதான் போகணும்” என்றான் மகன்.

“அக்காவே போகட்டும்” என்றாள் அவளும்.

பெரியவளுக்கு முட்டி வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டுமே என்று, காலி அட்டையைக் கொடுத்து மகனை மருந்துக்கடைக்கு அனுப்பினாள். அவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

“தர மாட்டேங்கறாங்க அத்தை. வயசானவங்க இதைச் சும்மா போடக் கூடாதாம். கிட்னி போயிடுமாம்.”

பெரியவள் சிரித்தாள். “போடா, நான் எத்தனை வருஷமா...” என்றவள் பாதியிலேயே நிறுத்தினாள். சிரிப்பு உதட்டிலேயே செத்தது. “என்னடா சொன்னே? என்ன போயிடும்?”

“கிட்னி. அதிலும் உடம்புல தண்ணிச் சத்து இல்லாதப்போ போட்டா ரொம்ப ஆபத்தாம்.”

“ஐயோ...!”

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். “வலிக்குது அக்கான்னு அழுதான்டா... சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்... நான்தான் கம்பி வழியா... ரெண்டு அட்டை... அவளுக்குத் தெரியாமப் போட்டுக்கோன்னு நான்தான்டா சொன்னேன்!”

சத்தம் கேட்டுச் சமையலறையிலிருந்து ஓடி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பெரியவள் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தாள்.

“நீதானே படுக்கையைச் சுருட்டினே...”

அவள் தலைகுனிந்தாள்.

“பார்த்தே! பார்த்தும் வாயைத் திறக்கலை! உன்னைக் கொலைகாரின்னு நான் ஏசினப்பக்கூட... ஏண்டி? ஏன்?”

“சொன்னா நீங்க தாங்குவீங்களா அக்கா? அவருக்குக் கிட்னி கெட்டிருக்குன்னு போன வருஷமே டாக்டர் சொன்னார். உங்ககிட்ட மறைச்சது நான். நீங்க தெரியாமக் கொடுத்தீங்க... நான் தெரிஞ்சும் மறைச்சேன். யாரை யார் ஏசறது?”

மகன் தாயின் காலடியில் வந்து உட்கார்ந்தான். “அம்மா...” என்றான். அவள் அவன் தலையில் கையை வைத்துவிட்டு, பெரியவளைத் தூக்கி நிறுத்தப் போனாள். பெரியவள் எழவில்லை. இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் முகம் புதைத்து விம்மினாள்.

“நாளைக்கு நீ போ. எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் அவனைப் பார்ப்பேன்?”

மறுநாள் அவள்தான் போனாள். கழுத்தில் செருகிய குழாய் வழியாக அவருடைய ரத்தம் இயந்திரத்துக்குள் போய், சுற்றிச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். அவளைக் கண்டதும் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

“மாத்திரை... அக்காகிட்ட... சொல்லிட்டியா?”

“இல்லைங்க. யாருக்கும் தெரியாது.”

“சொல்லாதே.”

“சொல்ல மாட்டேன்.”

முப்பத்தாறு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான். அவர் கண்ணை மூடி, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அவர் கையைப் பிடித்தபடி ஆஸ்பத்திரியில் கொடுத்த பத்து நிமிடமும் நின்றாள்.

மூன்று நாள் கழித்து இருதயமும் ஓய்ந்துவிட்டதாகப் போன் வந்தது.

துக்கத்துக்கு அனுமதித்த அளவு ஆட்கள்தான் வந்தார்கள். தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகளில், முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்கள். அதில் தூரத்து உறவுக்காரி ஒருத்தி பக்கத்து நாற்காலிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “கட்டினவ வேளைக்குத் தண்ணி கொடுத்திருந்தா மனுஷன் பிழைச்சிருப்பாராம்...”

அந்தக் கதையைப் போனில் உறவெல்லாம் பரப்பியதே பெரியவள்தான். மூலையில் சுருண்டு கிடந்தவள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“நிறுத்து! அதை உனக்குச் சொன்னது நான்தானே? அது பொய். எல்லாரும் கேட்டுக்குங்க... ஆகாத மாத்திரையைக் கொடுத்தது நான். தெரியாமக் கொடுத்தேன், ஆனா என் கையாலதான் கொடுத்தேன். இவ தண்ணியும் கையுமா அவன் பின்னாலேயே நின்னா. என்னைக் காப்பாத்தறதுக்காக அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட்டா. இனிமே இவளைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினீங்க...”

அவள் ஓடி வந்து பெரியவளின் வாயைப் பொத்தினாள். “போதும் அக்கா! நீங்க இப்படிச் சபையில நின்னு சொல்றது அவருக்குப் பிடிக்காது...”

பெரியவள் அந்தக் கையை விலக்கினாள்.

“பிடிக்காட்டிப் போகட்டும். அவனை வளர்த்தவ நான். அவன் சொன்னதை நான் என்னைக்குடி கேட்டிருக்கேன்?”

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவள், அந்தக் கிழட்டுத் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள்.