அளவு ஜாக்கெட்

படாளம் கூட்டுரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சர்க்கரை ஆலையின் பாகு வாடை மூக்கை அடைத்தது. மாசி மாதத்துக்கு வெயில் அதிகம். வீட்டுக்குப் போகும் மண் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. சாயங்காலம் கார் வரும், அம்மாவை என்னோடு செங்கல்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாம்.

போன மாதம் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக்கொண்டாள். இனிமேல் தனியாக இருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பார்க்க வந்தபோது வலியில் முனகிக்கொண்டே, "உன் ஜாக்கெட் ஒண்ணு குட்த்துட்டு போ, நல்லா பொருந்துறதா" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். டெய்லரிடம் அளவுக்குக் கொடுக்கத்தான். வருஷா வருஷம் கேட்பாள், நானும் கொடுப்பேன். புதுசு தைத்து வந்ததேயில்லை. மறந்திருப்பாள் என்று நானே அவளுக்குச் சாக்குச் சொல்லிக்கொள்வேன். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி அம்மா தைத்துத் தரும் ஜாக்கெட்டுக்குக் காத்திருக்கிறாள் என்றால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள். ஒருவருடைய குணம் வானத்திலிருந்து விழுவதில்லை. சின்ன வயதில் யார் முகம் பார்த்துச் சிரித்தார்கள், யார் திரும்பிக்கொண்டார்கள் என்பதிலிருந்து அது உண்டாகிறது. மனசு அதை அடியில் போட்டுப் புதைத்துவிடும், உடம்பு மட்டும் மறக்காது. இதை நடத்தும்போது "எனக்குத் தெரிந்த ஒரு பெண்" என்று ஆரம்பிப்பேன். அவளுக்கு வருஷத்துக்கு ஒரு பட்டுப்பாவாடை கிடைக்கும். போட்ட அன்றே இறுக்கும். "இறுக்குதும்மா" என்றால், "நீ ஏன்டி இப்டி வளர்ந்துகினே போற?" என்று அம்மா எரிந்து விழுவாள். வளர்வதே தப்பு என்று அந்தக் குழந்தை எடுத்துக்கொண்டது. தோளைக் குறுக்கிக்கொண்டது, குரலைத் தணித்துக்கொண்டது, யாருடைய கண்ணிலும் படாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. மாணவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்தப் பெண் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

பாவாடை ஏன் இறுக்கியது என்பது எனக்குத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் பிறந்தவள் பிரபா. ஏழு வயதில், மாசி மகத்தன்று, சதுரங்கப்பட்டினம் கடலில் குளிக்கும்போது அலை அவளை இழுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் நான் பிறந்தேன். கல்யாணமாகாமல் செத்த பெண் எங்கள் வகையறாவில் வீட்டுக் கன்னி. வருஷத்துக்கு ஒரு முறை புதுத்துணி வைத்துப் படைத்துப் பெட்டியில் பூட்டுவார்கள். மறு வருஷம் புதுசு வைக்கும்போது, பழசை எடுத்து வீட்டுப் பெண்பிள்ளைக்குக் கொடுப்பார்கள். நான் போட்டதெல்லாம் அப்படி வந்த பழசு. நான் வயதுக்கு வந்ததும் அதுவும் நின்றுபோனது.

அன்றைக்கும் மாசி மகம். படையலை முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

வாசற்படியிலேயே ஒரு வாசனை வந்துவிட்டது. பாகு வாடை இல்லை. ஈர மணல், உப்பு, பாசி. கடல் இங்கிருந்து எத்தனையோ மைல்.

அம்மா படையல் போடும் அறையிலேயே கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வந்துட்டியா" என்றாள். கண் என் முகத்தில் நிற்காமல் தோளுக்கும் இடுப்புக்கும் போய்வந்தது. அவள் எப்போதும் என்னை அப்படித்தான் பார்ப்பாள்.

சமைக்க ஆள் வேண்டுமே என்று அம்மாவின் தங்கை தெய்வநாயகி சித்தியை வரச் சொல்லியிருந்தேன். திண்டிவனத்தில் வாக்கப்பட்டவள், இந்தப் படையலுக்கு வந்து பல வருஷமாகிறது. அவள் இலை போட உள்ளே போனாள். போன வேகத்தில் வந்து என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்தாள்.

"ஜெயா, இன்னாடி இது? உள்ள புடவ வச்சிகீறா உங்கம்மா."

"கன்னிக்கு வைக்கிறதுதானே சித்தி?"

"செத்தது ஏழு வயசு கொயந்தடி. அதுக்கு எதுக்கு புடவ? ஜாக்கெட்டு வேற தச்சி வச்சிகீறா." குரலைத் தணித்தாள். "செத்த வயசு அளவுலயேதான் எடுக்கணும். எத்தினி வருசம் ஆனாலும் ஏழு வயசு பாவாடதான். வருசத்துக்கு வருசம் அளவ கூட்டினா அதுவும் கூடவே வளரும்டி. வளர்ந்தா அதுக்கு ஒடம்பு கேக்காதா?"

ஏழு வயது அளவு என்றால், நான்கு வயதில் எனக்கு அந்தப் பாவாடை தரையில் புரண்டிருக்க வேண்டும். பத்து வயதில் உள்ளேயே நுழைந்திருக்காது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அது ஒரு வருஷ வளர்த்திக்கு மட்டும்தான் இறுக்கியது. ஊரார் மனசையெல்லாம் குடைந்து பார்க்கிறவளுக்கு இந்தச் சின்ன விஷயம் ஒரு நாளும் உறைக்கவில்லை.

கட்டிலுக்கடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தேன்.

"அத்த வுடுடி" என்றாள் அம்மா. கத்தவில்லை. கெஞ்சினாள்.

பூட்டாமல் விட்டிருந்த மூடியைத் தூக்கினேன். உள்ளே அடுக்கடுக்காக ஜாக்கெட்டுகள். பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு. வருஷா வருஷம் நான் கொடுத்த அளவுக்குத் தைத்தவை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது இருந்த அளவிலிருந்து இன்றைய அளவு வரை எல்லாம் அங்கே இருந்தன. ஒன்றை எடுத்து விரித்தேன். அக்குளில் வேர்வைக் கறை உப்புப் பூத்திருந்தது. கொக்கிகள் தேய்ந்திருந்தன. பெட்டியில் பூட்டி வைத்த துணி அது.

யாரோ உடுத்தியிருந்தார்கள்.

பக்கத் தையல்கள் பிரித்து விடப்பட்டிருந்தன. அம்மாவின் கைத்தையல். கடைசி ஒன்றிரண்டில் தோளையும் பிரித்திருந்தாள். என் அளவு அதை உடுத்தியவளுக்குப் போதவில்லை.

பயம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது அழுகை.

"எனக்குன்னு எதையாச்சும் தச்சியாம்மா? ஒண்ணாவது?"

அம்மா என்னைப் பார்த்தாள். கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது.

"உன்ன இன்னாத்துக்குடி பெத்தன் நான்? இப்ப எம்மாம் ஒசரம் இருப்பா, எம்மாம் பருமன் இருப்பான்னு எனக்கு யாரு சொல்லுவா? உன்ன வச்சிதான அவளுக்கு அளவு பாத்தன்."

நாற்பது வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறாள். ஆசையில்லாத அம்மா என்றால் அதற்கு ஒரு பாடம் இருக்கிறது, நானே நடத்தியிருக்கிறேன். அப்பாவோடு மனத்தாங்கல், புத்திர சோகம் என்று அவளுக்காக எத்தனை காரணம் கண்டுபிடித்து மன்னித்து வைத்திருந்தேன்! அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கொள்ளை கொள்ளையாக இருந்தது. என் உடம்பில் நூலைப் பிடித்து அளந்து, அத்தனையையும் இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள்.

சித்தி கற்பூரம் ஏற்றினாள். படைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். கன்னி வந்து துணியைத் தொட்டுப் பார்க்கும் நேரம் அது. அம்மா மட்டும் நகரவில்லை. "இடுப்பு போயிகீது, நான் எங்க எழுந்து வர்றது? நீங்க போங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. காற்று நின்றுபோயிருந்தது. நானும் சித்தியும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே ஈரக்கால் தரையில் பட்டு எழும் சத்தம்.

பிறகு புதுத்துணி சரசரப்பு.

பிறகு கொக்கிகள், ஒவ்வொன்றாக.

"கைய தூக்கு கண்ணு" என்றாள் அம்மா. அந்தக் குரல் அவளிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. "இறுக்குதா? இரு, அம்மா பிரிச்சி வுடறன்."

ஒரு சிரிப்புக் கேட்டது. "போதும்மா, வுடு! நல்லாதான் கீது!"

சித்தி என் பக்கம் திரும்பி என் வாயைப் பார்த்தாள். அது என் குரல். ஆனால் நான் ஒரு நாளும் பேசியிராத என் குரல். கணீரென்று, எதற்கும் கூச்சப்படாமல், கேட்டது கிடைக்கும் என்று தெரிந்த பெண்ணின் குரல். இறுக்காத பாவாடை போட்டு வளர்ந்திருந்தால் நான் அப்படித்தான் பேசியிருப்பேன். எனக்கு அவள்மேல் பொறாமை பொங்கியது.

கதவைத் தள்ளித் திறந்தேன்.

அம்மா மட்டும்தான். இலையில் சோறு அப்படியே இருந்தது. புடவையையும் ஜாக்கெட்டையும் காணவில்லை. கட்டிலைச் சுற்றிச் சிமென்டுத் தரையில் ஈர மணல். அம்மா ஊசியில் கோத்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"வரமாட்டேன்னுதான் இருந்தன். இப்ப போலாம்டி" என்றாள். "அவளும் வரன்ட்டா."

நான் ஆசைப்பட்டது அதுதான், அம்மா என்னோடு வர வேண்டும் என்பது. எதற்கும் என் வாயில் மறுப்பு வராது. அப்படித்தான் என்னை வளர்த்திருக்கிறாள். சித்தி மட்டும் என் காதில், "கூட்டிகினு போவாதடி, உன் கால்ல வியறேன்" என்று அழுதாள். கார் வந்தது. நடக்க முடியாத அம்மா எழுந்து நடந்தாள். என்மேல் சாயவில்லை. இன்னொரு பக்கம் கையை உயர்த்தி, தன்னைவிட உயரமான யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டு நடந்தாள். டிரைவர் ஜெபசிங் பின்கதவைத் திறந்து, "மேடம், மூணு பேர்னு சொல்லவேயில்லியே" என்றார்.

செங்கல்பட்டு வந்து சேரும் வரை நான் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்து சீட் நனைந்திருந்தது.

இது நடந்து ஒரு மாதம் இருக்கும். அம்மா நன்றாக இருக்கிறாள். வலி போய்விட்டது, பாட்டுக்கூடப் பாடுகிறாள். கல்லூரியில் முதல் பெஞ்சிலிருந்தே, "மேடம், கேக்கல" என்கிறார்கள். உடன் வேலை பார்க்கும் ஜாக்குலின் நேற்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏய், காலைல உன்ன மார்க்கெட்ல பாத்தேன்பா! நிமிந்து நடந்துகினு, கடைக்காரன்கிட்ட என்னா சத்தமா பேசற! ஆளே மாறிட்ட" என்றாள். அந்த நேரத்தில் நான் வகுப்பில் இருந்தேன். வருகைப் பதிவு எடுக்கும்போது யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். என் ஜாக்கெட்டுகள் எல்லாம் தோளில் தொளதொளவென்று சரிகின்றன. பின் குத்திக்கொண்டு சமாளிக்கிறேன்.

இன்று மத்தியானம் கல்லூரியிலிருந்து வந்தபோது அம்மா கூடத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் யாரோ பாத்திரத்தை வைக்கும் சத்தம். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அம்மா நிமிர்ந்து, வாழ்க்கையில் முதல் முறையாக, என் முகத்தைப் பார்த்தாள்.

"இந்தாடி. உனக்குத்தான்."

சின்னப் பட்டுப்பாவாடை. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. ஏழு வயதுக் குழந்தைக்கு எடுப்பது.

இந்த முறை அவள் அளவு கேட்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன்.

இறுக்கவே இல்லை.